கண்டது பாதி, எழுதியது பாதி

திருவள்ளூர் ரயில் நிலையத்தை ஒட்டிய நமது மணவாள நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால், தேசபக்தர் சத்தியமூர்த்தியின் திருநாமம் தாங்கிய பூண்டி நீர்த்தேக்கத்தை அடையலாம். 1944-ஆம் ஆண்டு முதல் சென்னைவாசிகளின் தாகத்தைத் தணித்துவரும் அந்த நீர், கொசஸ்தலையாறு கொண்டுவந்து சேர்ப்பது. அவ்வாற்றின் பக்கத்தில், சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர் உண்டு. பெரிய கோபுரமோ, அரண்மனையோ அங்கே கிடையாது. ஆனால் மனித வர்க்கத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராயும் வித்வான்கள், உலகத்தில் எந்த மூலையிலிருந்தாலும் சரி, அவ்வூரின் பெயரை அறிவார்கள்.

காரணம், அங்கே மண்ணுக்குள் கிடைக்கும் கற்கருவிகள். ஆதி மனிதன் கல்லைக் கல்லால் தட்டிக் கூராக்கிச் செய்த கோடரிகள் அவை. மழை பெய்து மண் கரையும்போது இவை ஓடைக் கரைகளில் தாமாகவே வெளிப்படுவதுண்டு. மாடு மேய்ப்பவரும் விறகு பொறுக்குபவரும் தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பார்த்திருப்பார்கள். காலில் குத்தியபோது சபித்துமிருப்பார்கள். அவ்வாறிருக்க, அந்தக் கற்கள் உலகத்தின் பொது அறிவாக ஆனது எப்படி? யாரோ ஒருவர் கண்டதனால் மட்டும் அன்று. கண்டதை ஒழுங்காக எழுதி, முன்பின் அறியாத அந்நியர்கள் சோதித்து ஒப்புக்கொள்ளும்படி, ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினதனால்தான்.

இப்பக்கத்துக் குடும்பங்களில் இன்று எத்தனையோ பிள்ளைகளும் பெண்களும் பொறியியற் கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் மேற்படிப்புப் படிக்கிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தும் இரவெல்லாம் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் “என்னப்பா செய்கிறாய்?” என்று கேட்டால், “பேப்பர் போடவேண்டும்” என்று விடை வருகிறது. அது என்ன பேப்பர், அதைப் போடுவது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்பது பெற்றோரில் பலருக்கு விளங்குவதில்லை. போடுகிறவர்களிலும் சிலருக்கு விளங்குவதில்லை என்பதே நமது கவலை. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துச் சொல்ல முற்படுகிறோம்.

ரகசியம் ஒழிந்த கதை

முன்னொரு காலத்தில் ஐரோப்பாவிலும் கண்டுபிடித்ததை மறைத்து வைப்பதே வழக்கமாக இருந்தது. 1610-ஆம் ஆண்டில் கலிலியோ தமது தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகச் சனிக்கிரகத்தின் விசித்திர உருவத்தைப் பார்த்தபோது, செய்தியின் எழுத்துக்களை முன்பின்னாகக் கலைத்து, ஒருவருக்கும் புரியாத விடுகதையாக்கி அனுப்பினார். முதலில் கண்டவர் தாம் என்ற உரிமையும் வேண்டும். பிறர் அதைத் தெரிந்துகொண்டு முந்திவிடவும் கூடாது. அந்தக் காலத்துப் பண்டிதர்களின் சங்கடம் அது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததுதான் விஞ்ஞானப் பத்திரிகை. 1665-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியின் காரியதரிசி ஹென்றி ஓல்டன்பர்க் என்பவர் ‘பிலசாபிகல் டிரான்ஸாக்ஷன்ஸ்’ என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். எவன் முதலில் எழுதி அனுப்பிப் பிரசுரிக்கிறானோ அவனுக்கே கண்டுபிடித்த பெருமை. அதற்கு ஈடாக அவன் தன் ரகசியம் முழுவதையும் ஊரறியச் சொல்லிவிட வேண்டும். இதுவே அன்றுமுதல் இன்றுவரை நிலைத்திருக்கும் ஒப்பந்தம்.

இந்த ஏற்பாடு பிற்காலத்தில் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ‘மதராஸ் ஜர்னல் ஆப் லிடரேச்சர் அண்டு சயன்ஸ்’ என்னும் பத்திரிகை 1833-ல் இங்கே ஆரம்பமாயிற்று. இந்திய பூகர்ப்ப இலாகாவில் உத்தியோகம் பார்த்த ராபர்ட் புரூஸ் பூட், 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி அவரும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும் நமது அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். பூட் அக்கற்களை அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு திருப்தியடையவில்லை. எந்த இடத்தில், எந்த மண் படுகையில், எவ்வகைக் கல்லில் அவை கிடைத்தன என்பதை விவரித்து, 1866-ல் அந்தச் சென்னைப் பத்திரிகையிலேயே பிரசுரம் செய்தார். நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலான பிறகும் ஆராய்ச்சியாளர் அதே ஊரைத் தேடி வந்து தோண்டுகிறார்கள் என்றால், அவர் இடத்தைக் குறித்து எழுதிவைத்ததே மூலகாரணம்.

மூன்று முறை திரும்பிய பிரதி

எழுதுவது என்பது எழுத்தறிவு மாத்திரம் அன்று. பெரிய மேதைகளுக்கும் அது தனியே கற்கவேண்டிய வித்தை. இதற்கு நமது ஸ்ரீநிவாஸ ராமாநுஜத்தின் சரித்திரத்தைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

இந்தியக் கணித சங்கம் 1907-ல் ஸ்ரீ வி. ராமஸ்வாமி ஐயரின் முயற்சியால் தோன்றியது. அச்சங்கத்தின் பத்திரிகையில் 1911-ஆம் ஆண்டு ராமாநுஜத்தின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. பெர்னூலி எண்களின் குணங்களைப் பற்றிய பதினாறு பக்கக் கட்டுரை அது. அது எளிதில் வெளியாகிவிடவில்லை. பத்திராதிபராயிருந்த பெங்களூர்ப் பேராசிரியர் ஸ்ரீ எம். டி. நாராயண ஐயங்காருக்கு அப்பிரதி ஒரு பெரும் சோதனையாகவே இருந்தது. முறைகள் புதியவை, சொல்லும் விதமோ மிகச் சுருக்கம், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பள்ளத்தாக்கு. சாதாரண வாசகன் தொடர்ந்து வர இயலாது. ஆகவே அந்தக் கையெழுத்துப் பிரதி பத்திராதிபருக்கும் ஆசிரியருக்கும் இடையே மூன்று முறை போய்த் திரும்பியது. அதன் பிறகே அச்சேறியது.

இங்கே இரண்டு பேரையும் நாம் வணங்கவேண்டும். தமது ஞானத்தை மதியாதவர் என்று ராமாநுஜம் கோபித்துக்கொண்டு பிரதியைக் கிழித்தெறிந்துவிடவில்லை. விளங்காதது என்று நாராயண ஐயங்கார் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிடவுமில்லை. பத்திரிகையும் சிறிது, சங்கமும் புதிது; இருந்தும் அந்தப் பத்திராதிபர் செய்த சேவை ஒரு பெரிய கலாசாலை செய்யத்தக்கது.

ராமாநுஜம் ஏன் அப்படி எழுதினார்? இளமையில் அவருக்குக் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளை அடுக்கிச் செல்வது. நிரூபணங்களை விரித்துரைப்பது அன்று. காகிதத்துக்கோ பணம் வேண்டும். சிலேட்டுப் பலகையில் கணக்கைப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பது அவர் வழக்கமாயிற்று. 1913-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்திலும் முடிவுகளே நிறைந்திருந்தன. அதன் அருமையை உணரும் கண் ஹார்டிக்கு இருந்தது நமது தேசத்தின் பாக்கியம். அதற்கு முன் அவர் எழுதிய வேறு ஆங்கிலக் கணித வித்வான்களிடமிருந்து உதவி கிட்டவில்லை.

1920-ல், முப்பத்திரண்டாம் வயதில் ராமாநுஜம் மறைந்தார். நிரூபணங்கள் அவருடன் போயின. நோட்டுப் புத்தகங்கள் மிஞ்சின. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1977-ல் அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நிரூபிக்க உட்கார்ந்தார். அவ்வேலை ஐந்து பெரிய தொகுதிகளாக 1985 முதல் 1998 வரை வெளியாயிற்று. எழுதாமல் விட்ட நடுப்படிகளை மீட்டெடுக்க ஒரு பேரறிஞருக்கு இருபது வருஷம் பிடித்தது என்பதைப் பாருங்கள். ராமாநுஜத்தின் விஷயமாதலால் உலகம் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டது. மற்றவர்களுடைய நோட்டுப் புத்தகத்துக்காக எவர் இருபது வருஷம் உட்காரப் போகிறார்?

காலத்தில் அனுப்புதல்

தெளிவு ஒன்று, காலம் தவறாமை மற்றொன்று. இதில் வழிகாட்டி ஸர் சி. வி. ராமன்.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, நீண்ட சதுரத் துவாரத்தின் வழியே ஒளி சாய்வாகச் செல்லும்போது தோன்றும் பட்டைகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதி, லண்டன் ‘பிலசாபிகல் மாகஸீன்’ பத்திரிகைக்கு அனுப்பினார். 1906-ஆம் வருஷம் நவம்பர் இதழில் அது வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. கல்லூரிச் சோதனைச்சாலையில் எல்லா மாணவரும் கையாளும் சாதாரணக் கருவியைக் கொண்டே செய்த ஆராய்ச்சி அது. கருவி எளியதாயிருந்தால் என்ன? பார்த்ததை நம்பிக்கையோடு எழுதினார். கப்பல் தபாலில் அனுப்பினார்.

அப்பழக்கம் 1928-ல் தேசத்தின் மானத்தைக் காத்தது. அவ்வருஷம் பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும் அவருடைய சகா கே. எஸ். கிருஷ்ணனும், திரவங்களில் சிதறும் ஒளி தன் நிறத்தினின்று சிறிது மாறி வெளிப்படுவதைக் கண்டார்கள். பிப்ரவரி 16-ஆம் தேதியே ‘நேச்சர்’ பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். 28-ஆம் தேதி நிறமாலைக் கருவியில் தெளிவான சான்று கிடைத்தது. மார்ச் 16-ஆம் தேதி பெங்களூரில் ராமன் ஒரு விரிவான பிரசங்கம் செய்தார். அதை ஆற அமர வைத்திருந்து அந்நிய நாட்டுக்கு அனுப்பிக் காத்திருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கல்கத்தாவில் தொடங்கியிருந்த ‘இந்தியன் ஜர்னல் ஆப் பிசிக்ஸ்’ என்னும் நமது சொந்தப் பத்திரிகையில் மார்ச் 31-ஆம் தேதியே அச்சிட்டு, பிரதிகளை உலகத்து விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ‘நேச்சர்’ குறிப்பும் அதே மார்ச் 31-ல் வெளியாயிற்று.

இதே பிப்ரவரியில் மாஸ்கோ நகரில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் என்ற இரு ருஷ்ய அறிஞர்களும் படிகக் கற்களில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அவர்கள் தகுதியில் ஒருவருக்கும் குறைந்தவர்களல்லர். ஆனால் அவர்களுடைய கட்டுரை மே மாதத்தில் எழுதப்பட்டு ஜூலை மாதத்தில் வெளிவந்தது. உலகம் இன்று ‘ராமன் விளைவு’ என்று சொல்கிறது. 1930-ல் நோபல் பரிசும் இந்தியாவுக்கு வந்தது. சில வாரங்களின் வித்தியாசம்! சொந்தமாக ஒரு பத்திரிகை வைத்திருந்ததன் பயனையும் கவனியுங்கள். சுதேசி என்பது துணியில் மாத்திரம் அன்று, அச்சகத்திலும் உண்டு.

அவசரம் வேறு, சுறுசுறுப்பு வேறு

இதைக் கேட்டுவிட்டு, கண்டதையெல்லாம் மறுநாளே அனுப்பிவிடலாம் என்று இளைஞர்கள் நினைத்துவிடலாகாது. மீண்டும் நமது அத்திரம்பாக்கத்துக்கே வருவோம்.

அங்கே ஸ்ரீமதி சாந்தி பப்பு அவர்களும் ஸ்ரீ குமார் அகிலேஷ் அவர்களும் தலைமை வகித்த குழுவினர் 1999-ல் அகழ்வாராய்ச்சி தொடங்கினார்கள். சுமார் ஒன்பது மீட்டர் ஆழம் வரை மண் படுகைகளை அங்குலம் அங்குலமாக இறங்கி ஆராய்ந்தார்கள். அவர்களுடைய முடிவு அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் 2011-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் வந்தது. மொத்தம் நான்கே பக்கம்! பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு நான்கு பக்கம் என்றால், ஒரு பக்கத்துக்கு மூன்று வருஷம் ஆகிறது.

அந்த நான்கு பக்கத்தில் அவர்கள் சொன்னது என்ன? குவார்ட்ஸ் கல் தரையின் மேல் கிடக்கும்போது, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தாக்குவதால் அதற்குள் ஒருவகை அலுமினியமும் ஒருவகை பெரிலியமும் உண்டாகின்றன. கல் மண்ணில் ஆழப் புதைந்ததும் இந்த உற்பத்தி நின்றுபோகிறது. உள்ளே இருந்தவை சிதையத் தொடங்குகின்றன. அலுமினியம் பாதியாகச் சுமார் 7 லட்சம் ஆண்டும், பெரிலியம் பாதியாகச் சுமார் 14 லட்சம் ஆண்டும் ஆகும். எனவே இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று கணக்கிட்டுவிடலாம். இம்முறையால் அக்கருவிகளின் சராசரி வயது 15 லட்சத்து 10 ஆயிரம் ஆண்டு என்று தெரிந்தது. பூமியின் காந்தத் திசை முற்காலத்தில் தலைகீழாக இருந்ததன் அடையாளமும் அம்மண்ணில் இருந்தது. இந்த இரண்டாவது சாட்சி முதலாவதற்குத் துணை நின்றது.

இங்கே கட்டுரையாசிரியர்களின் நேர்மையைப் பாருங்கள். சராசரியைச் சொன்னதோடு, அதில் 70 ஆயிரம் ஆண்டு கூடலாம் குறையலாம் என்றும், எவ்வளவு கண்டிப்பாகக் கணக்கிட்டாலும் 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுக்குக் குறையாது என்றும் எழுதினார்கள். ‘எங்கள் ஊர்தான் உலகத்திலேயே முதல்’ என்று கொடி கட்டவில்லை. தன் முடிவு எந்த அளவுக்கு நிச்சயம், எந்த அளவுக்கு நிச்சயமில்லை என்பதைத் தானே அளந்து சொல்வதுதான் விஞ்ஞான எழுத்தின் உயிர்நிலை. அந்த அடக்கத்தினாலேயே, 2018-ஆம் வருஷம் பிப்ரவரியில் ‘நேச்சர்’ பத்திரிகையில் இவர்களும் ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிச்சாலையாரும் பிறரும் சேர்ந்து, அதே ஊரில் சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை ஒரு புதிய கட்டத்தை அடைந்துவிட்டது என்று எழுதியபோது, உலகம் உற்றுக் கேட்டது.

பிரதி தயாராகும் விதம்

இனி, இத்தகைய பிரதி எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்வோம். பெரும்பாலான கட்டுரைகளின் அமைப்பு ஒன்றே. தலைப்பு, சில வரிகளில் சுருக்கம், கேள்வி என்ன, முன்னோர் என்ன சொன்னார்கள் என்னும் முன்னுரை, செய்த முறை, கிடைத்த முடிவுகள், அவற்றின் பொருளைப் பற்றிய விவாதம், பிறருக்குப் பட்ட கடன்களைக் காட்டும் மேற்கோள் அட்டவணை.

இவற்றுள் ‘முறை’ என்னும் பகுதியைத்தான் இளைஞர்கள் ஏனோதானோவென்று எழுதுகிறார்கள். உண்மையில் அதுவே அஸ்திவாரம். சமையல் குறிப்பைப் படித்து அடுத்த வீட்டுப் பெண் அதே பதத்தில் மைசூர்பாகு கிண்ட முடியவேண்டுமல்லவா? அதுபோல், டோக்கியோவில் இருப்பவர் இப்பகுதியைப் படித்து அதே சோதனையைச் செய்துபார்க்க முடியவேண்டும். எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை தடவை என்பதெல்லாம் இருக்கவேண்டும். எடுபடாமற்போன தடவைகளையும் மறைக்கக் கூடாது.

அனுபவசாலிகள் சுருக்கத்தையும் முன்னுரையையும் கடைசியில் எழுதுகிறார்கள். படங்களையும் அட்டவணைகளையும் முதலில் வரிசைப்படுத்தி, அவை தாமாகவே கதை சொல்லுகின்றனவா என்று பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு பத்திரிகையைத் தேர்கிறார்கள். ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி எல்லையும் தனி விதிகளும் உண்டு. விதிகளைப் படியாமல் அனுப்பிய பிரதி வாசற்படியோடு திரும்பும். ஒரே பிரதியை ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்புவது பெருங்குற்றம். உடன் உழைத்தவர் பெயரை விடுவதும், உழையாத மேலதிகாரியின் பெயரைச் சேர்ப்பதும் அதற்குச் சற்றும் இளைத்தவையல்ல.

பிரதியுடன் பத்திராதிபருக்கு ஒரு கடிதம் போகிறது. அவர் பார்த்து, தகுதியுண்டு என்று தோன்றினால், அத்துறையில் வல்ல இரண்டு மூன்று பரிசீலகருக்கு அனுப்புகிறார். பொதுவாக அவர்கள் பெயர் வெளியே தெரியாது, கூலியும் கிடையாது. இந்த ஏற்பாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பழையதன்று. 1869-ல் பிறந்த ‘நேச்சர்’ பத்திரிகையே எல்லாக் கட்டுரைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியது 1973-ல்தான்.

பரிசீலகரின் விடை வரும் நாள்தான் இளைஞனுக்குச் சோதனை நாள். ‘இது விளங்கவில்லை, அதற்குச் சான்று போதாது, மற்றொன்றை மறுபடி செய்’ என்று பக்கம் பக்கமாக வந்திருக்கும். வசவாக எண்ணி வாடுகிறவர் பலர். ராமாநுஜத்தின் பிரதி மூன்று முறை திரும்பியதை அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எண்ணிட்டு, ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்டு, மறுக்கவேண்டியதைக் காரணத்தோடும் மரியாதையோடும் மறுத்து எழுதுவதே முறை. பரிசீலகருக்கு விளங்காதது அவருடைய குற்றமென்று வாதிப்பதில் பயனில்லை. அவருக்கே விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கப் போகிறது?

பத்திராதிபரின் நாற்காலியும் நமக்கு அந்நியமானதன்று. ராஜதானிக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறு நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் எல்லையுண்டு என்பதை 1931-ல் அமெரிக்காவின் ‘ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ பத்திரிகையில் இரண்டே பக்கத்தில் எழுதினார். பிற்காலத்தில் அதே பத்திரிகைக்கு 1952 முதல் 1971 வரை அவரே பத்திராதிபராக அமர்ந்து, அதை அத்துறையின் தலைமைப் பத்திரிகையாக வளர்த்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்றவர், தம் சொந்த ஆராய்ச்சியின் நடுவே பத்தொன்பது வருஷம் பிறருடைய பிரதிகளைப் படித்தார் என்பதை நமது இளைஞர் மறக்கலாகாது.

கள்ள நாணயம்

நல்ல நாணயம் உள்ள இடத்தில் கள்ள நாணயமும் வரும். காசு வாங்கிக்கொண்டு எதை அனுப்பினாலும் ஒரு வாரத்தில் பிரசுரித்துவிடும் போலிப் பத்திரிகைகள் இப்போது மலிந்துவிட்டன. பெயர் மட்டும் சர்வதேசம். பரிசீலகரும் இல்லை, பரிசீலனையும் இல்லை. 2018-ஆம் வருஷம் மே மாதத்தில் நமது சர்வகலாசாலை மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரேயடியாக நீக்கவேண்டி வந்தது என்றால், நோயின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்றிருந்த விதியே இந்த வியாபாரத்துக்கு ஒரு வகையில் உரமிட்டது. 2022-ஆம் வருஷத்து விதிகளில் குழு அக்கட்டாயத்தை எடுத்துவிட்டது. அது நல்லதே. ஆனால் எண்ணிக்கையைக் கண்டு உத்தியோகமும் உயர்வும் கொடுக்கும் மனப்பான்மை விதியை மாற்றினவுடன் மாறிவிடுவதில்லை.

மெய்யான பத்திரிகைகளிலும் பண விஷயம் சிக்கலானதே. எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு கட்டுரையை வெளியிட, ‘நேச்சர்’ பத்திரிகை 2021-ல் விதித்த கட்டணம் 9,500 யூரோ. கட்டணமின்றி எழுதினாலோ, படிப்பவர் சந்தா கட்டவேண்டும். நமது சர்க்கார் 2025-ஆம் வருஷம் ஜனவரி முதல் ‘ஒரு தேசம், ஒரே சந்தா’ என்ற திட்டத்தை ஏற்படுத்தி, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 பத்திரிகைகளைப் பொதுக் கலாசாலைகளில் படிக்க வசதி செய்திருக்கிறது. படிக்கும் வசதிக்கு இது பெரிய உபகாரம். ஆனால் அந்நியர் பத்திரிகைகளைப் படிக்கக் கோடி கோடியாகக் கொடுக்கும் தேசம், ராமன் செய்ததுபோல், தன் சொந்தப் பத்திரிகைகளைப் பிறர் தேடிப் படிக்கும்படி உயர்த்துவதிலும் அதே ஊக்கம் காட்டவேண்டாமா? சிறந்த கட்டுரையை அயல்நாட்டுக்கும் மிச்சத்தை உள்நாட்டுக்கும் அனுப்பும் வரையில் நமது பத்திரிகைகள் எப்படி உயரும்?

எங்கே தொடங்குவது?

இவ்வித்தையின் முதற்பாடம் சர்வகலாசாலையில் அன்று, பள்ளிக்கூடத்து ரிக்கார்டு நோட்டில் தொடங்குகிறது என்பது ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமது உறுதியான எண்ணம். ஊசலைக் கட்டி ஆட்டி நேரத்தை அளக்கும் பையன், புஸ்தகத்தில் உள்ள விடை வராவிட்டால், அளவைத் திருத்தி விடையை வரவழைத்துவிடுகிறான். போன வருஷத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறவனும் உண்டு. நோட்டு அழகாயிருந்தால் மதிப்பெண் கிடைக்கிறது. அங்கே அவன் கற்றுக்கொண்டது என்ன? கண்டதை எழுதவேண்டாம், எதிர்பார்ப்பதை எழுதினால் போதும் என்பதுதான். இருபது வருஷம் கழித்து அவன் போலிப் பத்திரிகைக்குப் பணம் கட்டினால், அதில் ஆச்சரியப்படுவதற்கு என்ன இருக்கிறது?

விடை தப்பாக வந்த மாணவன் அதை அப்படியே எழுதி, ஏன் தப்பியது என்று இரண்டு வரி சேர்த்தால், அவனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் துணிவு நமக்கு வரவேண்டும். “நீ எழுதியதைப் படித்துவிட்டு உன் தங்கை இதே சோதனையைச் செய்வாளா?” என்று பெற்றோர் வீட்டில் கேட்கவேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ‘எனக்கு விளங்கும்படி சொல்’ என்று கேட்கும் தாயே ஒரு பிள்ளைக்கு வாய்க்கும் முதல் பரிசீலகர்.

அத்திரம்பாக்கத்து ஓடைக் கரையில் இன்னும் எத்தனையோ கற்கள் மண்ணுக்குள் கிடக்கின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலும், நமது வயல்களிலும், ஆஸ்பத்திரிகளிலும் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் புதியது ஒன்றைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். அதைத் தேதியிட்டு, அளவிட்டு, உள்ளது உள்ளபடி எழுதிவைக்கும் ஒரு தலைமுறையை நாம் வளர்த்துவிட்டால் போதும். உலகத்துப் பத்திராதிபர்கள் நமது தபாலுக்காகக் காத்திருக்கும் காலம் தானே வரும்.